தங்கம் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா?

துபாய் தேராவின் தங்கச் சந்தைக்கு வருகிறவர்கள் தங்கம் மின்னுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதே தங்கம் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டுக் கம்பி, ஒரு சிட்டிகை குளுக்கோஸ், கொஞ்சம் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர், டார்ச் செல் ஒன்றில் இருக்கும் அளவுக்குக்கூட வேண்டாத மின்னழுத்தம். இவ்வளவு போதும். அதைப் பார்த்த நாளிலிருந்து யாரைக் கண்டாலும் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடம்.

தங்கம் எதோடும் சேராது என்பது நமக்குப் பாட்டி காலத்துப் பாடம். துருப்பிடிக்காது, கறுக்காது, நூறு வருடம் பெட்டியில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். அறிவியலும் இதை ஒப்புக்கொள்கிறது. எல்லா உலோகங்களிலும் தங்கம் ஏன் இவ்வளவு ஒதுங்கி நிற்கிறது என்பதற்கு ஹாமர், நோர்ஸ்கோவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் 'நேச்சர்' இதழில் எலெக்ட்ரான் கணக்குப் போட்டு விளக்கம் சொன்னார்கள். மேற்பரப்புக்கு ஒரு மூலக்கூறு வந்தால் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தேவையான எலெக்ட்ரான் இடங்கள் தங்கத்தில் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கின்றன; வந்தது ஒட்டாமல் போய்விடுகிறது. அப்படிப்பட்ட தங்கம், காரக் கரைசலில் குளுக்கோஸைக் கண்டதும் பிளாட்டினத்தையே பின்னுக்குத் தள்ளிவிட்டு வேலை செய்கிறது என்றால் ஆச்சரியப்படாமல் எப்படி இருப்பது?

நான் காரைக்குடியில் மின்வேதிப் பொறியியல் படித்தவள். இங்கே ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை, குடியிருப்பு நைஃப் பக்கம். தங்கச் சந்தையின் மரக்கூரைக்குக் கீழே இருக்கும் கடைகள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைகளுக்குப் பின்னால், சந்துகளில், மாடிப்படி ஏறிப் போனால் பட்டறைகள். அங்கே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், நாற்பது வருடத் தொழில். ஆசாரி அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவது. அவரிடம்தான் 24 கேரட் கம்பி கேட்டேன், அரை மில்லிமீட்டர் கனத்தில், விரல் நீளம்.

"எதுக்குங்க அம்மிணி, மூக்குத்திக்கா?"

"இல்லண்ணே, தண்ணியில போட்டு கரண்டு குடுக்க."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "தங்கத்துக்கு அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்களே. தனித்திராவகத்துல போட்டாலும் அப்படியே கெடக்கும்."

"தங்கத்துக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. பக்கத்துல வர்ற சர்க்கரைக்குத்தான் ஆகும்."

வினையூக்கி என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் கம்பியை நெருப்பில் காட்டிச் சிவக்கவைத்து, தண்ணீரில் போட்டு எடுத்துக் கொடுத்தார். கைப்பிசுக்கு, எண்ணெய் எல்லாம் எரிந்துபோகட்டும் என்று. நான் கேட்கவே இல்லை. அவர் கை பழக்கத்தில் செய்தது. மின்வேதியியல்காரர்கள் செய்வதும் இதையேதான்.

ஆய்வகத்தில் மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். லிட்டருக்கு 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த தண்ணீர். அதில் 100 மில்லி எடுத்து 0.18 கிராம் குளுக்கோஸ். மூன்று மின்வாய்கள்: என் தங்கக் கம்பி, எதிரே ஒரு பிளாட்டினக் கம்பி, அளவுகோலாக ஒரு வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்வாய். பொட்டென்ஷியோஸ்டாட் என்ற கருவி மின்னழுத்தத்தை மைனஸ் 0.8 வோல்ட்டிலிருந்து பிளஸ் 0.6 வரை மெதுவாக ஏற்றும், பிறகு அதே வேகத்தில் இறக்கும். விநாடிக்கு 50 மில்லிவோல்ட். போய்வர ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் திரையில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும்.

முதலில் குளுக்கோஸ் போடாமல் ஓட்டினேன். கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. பூஜ்யத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் லேசாக மேடு தட்டியது. தங்கத்தின் மேல் ஆக்சைடு படிகிற இடம் அது. திரும்பி வரும்போது அந்த ஆக்சைடு கழன்று ஒரு சின்னப் பள்ளம். அவ்வளவுதான் தங்கத்தின் முழு வரலாறு.

குளுக்கோஸைப் போட்டேன். மைனஸ் பக்கத்திலேயே கோடு எழுந்துவிட்டது! முதலில் ஒரு சிறு திட்டு, பிறகு பூஜ்யத்தைத் தாண்டும்போது விறுவிறுவென்று பெரிய சிகரம். ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறும் தங்கத்தைத் தொட்டு, இரண்டு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, குளுகோனோலாக்டோனாக மாறி விலகுகிறது. கரைசலில் அது குளுகோனேட்டாகிவிடுகிறது. தங்கம் மில்லிகிராம்கூடக் குறையவில்லை. அழுத்தம் இன்னும் ஏற, சிகரம் சரிந்தது. தங்கத்தின் மேல் ஆக்சைடு மூடிவிட்டது. குளுக்கோஸ் உட்கார இடமில்லை. உச்சியில் கிட்டத்தட்ட எல்லாம் நின்றுபோனது.

இனிமேல்தான் எனக்கு உடம்பு சிலிர்த்த இடம். அழுத்தம் இறங்கத் தொடங்கியது. இறங்கும்போது சாதாரணமாக எதிர்த்திசையில்தான் மின்னோட்டத்தை எதிர்பார்ப்போம். ஆனால் ஆக்சைடு கழலும் அந்தப் புள்ளிக்கு வந்ததும் கோடு செங்குத்தாக மேலே பாய்ந்தது. திரும்பி வரும் வழியில் மறுபடியும் ஆக்ஸிஜனேற்றம்! மூடி விலகியதும் புத்தம்புதுத் தங்கம் வெளியே வந்து, காத்துக்கொண்டிருந்த குளுக்கோஸை ஒரே வீச்சில் பிடித்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே அது தானாக வரைந்துகொண்டு போவதைப் பார்ப்பது வேறு அனுபவம். அன்று மதியச் சாப்பாடு மறந்தே போனது.

அந்தப் படத்தை அலைபேசியில் எடுத்துக்கொண்டு போய் ஆசாரி அண்ணனிடம் காட்டினேன். எந்த இடத்தில் தங்கத்தை ஆக்சைடு மூடுகிறது, எந்த இடத்தில் விலகுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டாவது சிகரத்தின் மேல் விரல் வைத்தார். "வெண்காரம் வெச்சு மேல இருக்கறத எடுத்தாத்தானுங்க பொடி ஓடும். இதும் அப்படித்தானே?" பற்றவைப்புத் தொழிலின் ரகசியமே அதுதான். மேலே படிந்த ஆக்சைடை வெண்காரம் கரைத்து எடுத்தால்தான் பொடி உருகி உலோகத்தோடு சேரும். மேற்பரப்பு என்றால் என்ன என்று பேராசிரியர்களுக்குச் சமமாகத் தெரிந்தவர்கள் பட்டறைக்காரர்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஏன் காரக் கரைசல்? இதைத்தான் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கோப்பர் குழுவினர் ஆல்கஹால்களை வைத்துக் கேட்டார்கள்: வேலை செய்வது காரமா, தங்கமா? 2011இல் அவர்கள் வந்து சேர்ந்த பதில் அழகானது. மூலக்கூறிலிருந்து முதல் ஹைட்ரஜனைப் பிடுங்குவது காரம். அடுத்ததைப் பிடுங்குவது தங்கம். இரண்டும் கைகோத்தால்தான் காரியம் நடக்கும். அதனால்தான் அமிலக் கரைசலில் அதே தங்கக் கம்பி அசையாமல் கிடக்கிறது. நானே கந்தக அமிலத்தில் ஓட்டிப் பார்த்தேன். குளுக்கோஸ் இருக்கிறதா இல்லையா என்றே கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மூலக்கூறு அதேதான், உலோகம் அதேதான். சூழல் மாறியதும் மேற்பரப்பின் குணம் மாறிவிட்டது.

இன்னொன்றும் செய்தேன். காரக் கரைசலில் சிகரம் கம்பீரமாக நிற்கும்போது ஒரு சிட்டிகை சமையல் உப்பு. அடுத்த சுற்றில் சிகரம் குட்டையாகிவிட்டது. குளோரைடு அயனிகள் தங்கத்தின் மேல் உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. என்சைம் இல்லாமல் வெறும் தங்கத்தை வைத்தே ரத்தச் சர்க்கரையை அளக்கலாம் என்று எத்தனையோ பேர் முயன்றும் அது சுலபமாகக் கைகூடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ரத்தத்தில் உப்பு இருக்கிறதே.

பிளாட்டினத்தின் கதை வேறு மாதிரி. தங்கம் ஒட்டவிடாது என்றால் பிளாட்டினம் விடவே விடாது. குளுக்கோஸோ மெத்தனாலோ வந்தால் இறுகப் பிடித்து, ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாக உருவி, கடைசியில் கார்பன் மோனாக்சைடு வரை உரித்துவிடுகிறது. அந்தக் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்கு வழிவிடுவதில்லை. நச்சுப்பட்டது என்றே இதைச் சொல்வார்கள். இதற்கு ஜப்பானின் வதனபே, மோட்டூ 1975இல் சொன்ன வழி என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது: பிளாட்டினத்தோடு ருதீனியத்தைக் கலந்துவிடு. ருதீனியம் குறைந்த அழுத்தத்திலேயே தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் துணுக்கை எடுத்து வைத்துக்கொள்ளும். பக்கத்துப் பிளாட்டின அணுவில் ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு அதைக் கொடுத்து, கார்பன் டை ஆக்சைடாக்கி அனுப்பிவிடும். மூலக்கூறைப் பிடிப்பது ஒரு அணு, துடைப்பது அடுத்த அணு. மெத்தனால் எரிபொருள் கலன்கள் இந்தப் பக்கத்து வீட்டு உதவியில்தான் ஓடுகின்றன.

மேற்பரப்பு அழுக்காவது தவிர்க்க முடியாதது என்றால், அளக்கும்போதே கழுவிக்கொண்டே இருந்தால் என்ன? அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஜான்சன் குழுவினர் 1981இல் இதை முறையாக்கினார்கள். ஒரு விநாடி அளவுக்குள் மூன்று படி: ஓர் அழுத்தத்தில் அளவு எடு, சட்டென்று ஏற்றி, ஆக்சைடு படியவைத்து, அழுக்கை எரித்துத் தள்ளு, உடனே இறக்கி, ஆக்சைடைக் கழற்றி, பரப்பைப் புதுசாக்கு. மறுபடி முதலிலிருந்து. நான் ஒரு நிமிடத்தில் திரையில் பார்த்து மயங்கிய அதே நாடகத்தை இவர்கள் நாள் முழுக்க, விநாடிக்கு விநாடி, கருவிக்குள் நடத்துகிறார்கள். இன்று தேன், பழச்சாறு, இன்ஸ்டன்ட் காபி போன்றவற்றில் என்னென்ன சர்க்கரை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஆய்வகங்களில் இந்த முறை ஓடுகிறது. உள்ளே வேலை செய்வது பெரும்பாலும் ஒரு தங்க மின்வாய். கலப்படத் தேனைப் பிடித்துக்கொடுப்பதில் தங்கத்துக்கும் பங்கு உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே ஒரு கணக்கு சொல்ல ஆசை. அரை மில்லிமீட்டர் கம்பியின் குறுக்கே சுமார் 17 லட்சம் தங்க அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. வேலை செய்வது வெளியே இருக்கும் ஒரே ஒரு அடுக்கு. உள்ளே இருப்பவை எல்லாம் எலெக்ட்ரானைக் கடத்திவிடுவதோடு சரி. தங்கச் சந்தையில் உலகின் மிகப் பெரிய தங்க மோதிரம் என்று கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களே, கிட்டத்தட்ட 64 கிலோ, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: வேதியியலுக்கு எடை முக்கியமில்லை, தோல்தான் முக்கியம்.

அந்தத் தோலிலும் எல்லா இடமும் ஒன்றுபோல இல்லை. ஒரு படிகத்தை எந்தக் கோணத்தில் வெட்டுகிறோமோ அதற்கேற்ப அணுக்களின் அடுக்கு மாறும்: ஒரு முகத்தில் அறுகோணமாக நெருக்கி, இன்னொன்றில் சதுரமாக, மற்றொன்றில் வரப்பு வரப்பாக. அட்ஸிக், ஷியாவ், ஈகர் மூவரும் 1989இல் தங்கத்தின் தனிப் படிக முகங்களில் குளுக்கோஸை ஆக்ஸிஜனேற்றிப் பார்த்தார்கள். சதுர அடுக்குள்ள முகம்தான் முந்தியது. ஒரே தங்கத்துக்குள்ளேயே கெட்டிக்கார முகமும் மந்தமான முகமும்!

இப்படிச் சுத்தமான படிக முகம் எப்படிக் கிடைத்தது என்பது பட்டறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே இருக்கும் கதை. வெற்றிடக் கூடங்களும் கோடிக்கணக்கான செலவும் இல்லாமல் பிளாட்டினத்தின் தனிப் படிகப் பரப்பை மின்வேதிச் சோதனைக்கு எடுக்க முடியாது என்றிருந்த காலம். பிரான்ஸில் ஜான் கிளாவிலியே 1980இல் பிளாட்டினக் கம்பியின் நுனியைச் சுவாலையில் உருக்கி மணியாக்கி, மெதுவாக ஆறவைத்து, அந்த மணியைத் தனிப் படிகமாக்கினார். வேண்டிய கோணத்தில் மெருகேற்றி, சோதனைக்கு முன் மறுபடி சுவாலையில் காட்டி, ஒரு சொட்டு சுத்த நீரால் மூடிக் காற்றின் அழுக்கு படாமல் கொண்டுபோனார். அவர் காட்டிய மின்னோட்டக் கோடு அதற்கு முன் யாரும் பார்த்திராத வடிவம். பலரும் முதலில் நம்பவில்லை. பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது.

ஆசாரி அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் ஹைட்ரஜன்-ஆக்ஸிஜன் டார்ச்சைப் பற்றவைத்து ஒரு பிளாட்டினக் கம்பி நுனியை உருக்கிக் காட்டினார். தங்கம் 1064 டிகிரியில் உருகும். பிளாட்டினத்துக்கு 1768 வேண்டும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நுனி வெளுத்து, நடுங்கி, சட்டென்று உருண்டு மிளகளவு மணியாகத் திரண்டது. ஆறியபின் உருப்பெருக்கியில் பார்த்தால், வழவழப்பான உருண்டையின் மேல் அங்கங்கே குட்டிக் குட்டித் தட்டை வட்டங்கள், தீட்டாமலே பளபளக்கும் கண்ணாடிகள்போல. படிகம் தானே தன் முகங்களைக் காட்டிக்கொள்கிறது. கிளாவிலியே அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் வெட்டுவது என்று திசை கண்டார். அந்த மணியை இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரர்கள் இன்னொரு பெரிய விஷயத்தையும் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். பழைய நகையைச் சுத்தமாக்க, ஒரு பங்கு தங்கத்தோடு மூன்று பங்கு வெள்ளியைக் கூட்டி உருக்கி, தகடாக்கி, நைட்ரிக் அமிலத்தில் போடுவார்கள். வெள்ளி கரைந்து ஓடிவிடும். மிஞ்சுவது பழுப்பாக, நொறுங்கும் பக்குவத்தில் தங்கம். அது ஏன் மஞ்சளாக இல்லை என்று சின்ன வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளி விட்டுப்போன இடமெல்லாம் துளை. கண்ணுக்குத் தெரியாத, நானோமீட்டர் கணக்கில் சொல்ல வேண்டிய துளைகள். எர்ல்பாக்கர் குழுவினர் 2001இல் 'நேச்சரில்' இது எப்படி உருவாகிறது என்று எழுதினார்கள்: வெள்ளி அணு கழன்றதும், தனித்துவிடப்பட்ட தங்க அணுக்கள் மேற்பரப்பில் நகர்ந்து ஒன்றோடொன்று கூடிக்கொள்கின்றன; அதனால் புதிய வெள்ளி வெளிப்பட, அரிப்பு உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. பஞ்சுபோன்ற அந்தத் தங்கத்தில் எங்கு பார்த்தாலும் மேற்பரப்புதான். அதில் ஒரு துணுக்கை வாங்கிவந்து குளுக்கோஸில் ஓட்டினேன். கம்பியில் வந்த சிகரம் இதன் பக்கத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. திரையின் அளவுகோலை மாற்ற வேண்டியதாயிற்று.

தங்கத்தோடு நின்றுவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் என்னை வளர்த்தது காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். ஊரில் எல்லோருக்கும் அது சிக்ரி. மேற்பரப்பு என்ற ஒன்றுக்காக அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். இயக்குநராக இருந்த எச்.வி.கே. உடுப்பாவும் கே.சி. நரசிம்மமும் கிராஃபைட் மேல் காரீய டை ஆக்சைடைப் படியவைத்து உருவாக்கிய நேர்மின்வாயைப் பற்றி 1976இல் எழுதிய கட்டுரையை மாணவியாக வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. பிளாட்டினம் வாங்க வசதியில்லாத நாடு, பிளாட்டினத்தின் இடத்தில் காரீயத்தை உட்காரவைத்தது. டைட்டானியத் தகட்டின் மேல் ருதீனிய ஆக்சைடு பூசும் முறைக்கு ஹென்றி பீர் 1960களில் காப்புரிமை பெற்றபின் உலகக் காஸ்டிக் சோடா தொழிலே மாறிப்போனது. அந்த வகை நேர்மின்வாயையும் சிக்ரி தன் கையால் உருவாக்கியது.

கரிமச் சேர்மங்களுக்கு மேற்பரப்பு எப்படி விதி எழுதுகிறது என்பதை நான் முதலில் பார்த்ததும் அங்கேதான். வினிகரில் இருக்கும் அசிட்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1849இல் கோல்பே காட்டிய வழி: வழவழப்பான பிளாட்டினத்தில் எலெக்ட்ரானை எடுத்தால் கார்பன் டை ஆக்சைடு கழன்று, மிச்சமிருக்கும் இரண்டு மெத்தில் துணுக்குகள் ஜோடி சேர்ந்து ஈத்தேன் ஆகும். பிளாட்டினத்துக்குப் பதில் கரி மின்வாய் வைத்தால் அந்தத் துணுக்கு இன்னொரு எலெக்ட்ரானையும் இழந்து நேர்மின் அயனியாகி, ஆல்கஹால், எஸ்டர் பக்கம் போய்விடும். பாத்திரத்தில் வேறெதையும் மாற்றவில்லை. குளுக்கோஸும் அப்படித்தான். கிராஃபைட்டில் நேரடியாக அதற்கு வேலை ஓடாது. ஆனால் கரைசலில் புரோமைடைச் சேர்த்தால் மின்வாயில் உண்டாகும் புரோமின் குளுக்கோஸைக் குளுகோனேட்டாக்கிவிடும். சுண்ணாம்புக் கல் தூளும் சேர்ந்தால் கால்சியம் குளுகோனேட். குழந்தைகளுக்குக் கொடுக்கும் கால்சிய மருந்துகள் சிலவற்றில் இருப்பது அதுதான்.

சாயத் தண்ணீர்க் கதையைச் சொல்லாமல் திருப்பூர் பக்கத்து வாசகர்கள் என்னை விடமாட்டார்கள். செய்முறை வகுப்பில் நீலச் சாயக் கரைசலில் டைட்டானியம்-ருதீனிய ஆக்சைடு மின்வாயை வைத்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து மின்சாரம் கொடுத்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் வெளுத்துத் தண்ணீராகிவிட்டது. கை தட்டினோம். ஆசிரியை அந்தத் தெளிந்த தண்ணீரில் கரிமப் பொருள் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் வேதி ஆக்ஸிஜன் தேவையை அளக்கச் சொன்னார். அதிகம் குறையவில்லை! உப்பிலிருந்து உண்டான குளோரின் நிறத்தை மட்டும் உடைத்திருக்கிறது. சாயத்தின் எலும்புக்கூடு கரைசலிலேயே இருக்கிறது. அதிலும் குளோரின் ஏறிய துண்டுகள் உண்டாகலாம். அன்றிலிருந்து தெளிந்த தண்ணீரைப் பார்த்து நான் சுலபத்தில் சமாதானம் ஆவதில்லை.

இதற்கான விளக்கத்தை சுவிட்சர்லாந்தின் லோசானில் கோம்னினெல்லிஸ் 1994இல் தெளிவாக வகுத்துவைத்தார். எல்லா நேர்மின்வாய்களும் தண்ணீரிலிருந்து முதலில் ஹைட்ராக்சில் துணுக்கை உண்டாக்குகின்றன. இரிடியம், ருதீனியம் ஆக்சைடுகள் அதை இறுகக் கட்டித் தங்கள் ஆக்சைடோடு சேர்த்துக்கொள்கின்றன; அப்போது கரிமச் சேர்மம் பாதி வழி மாறி நின்றுவிடும். காரீய டை ஆக்சைடு, வெள்ளீய ஆக்சைடு, போரான் கலந்த வைரம் போன்றவை அதை லேசாகத் தொட்டபடி விட்டுவைக்கின்றன. கட்டவிழ்ந்த அந்தத் துணுக்கு எதிர்ப்பட்டதையெல்லாம் கார்பன் டை ஆக்சைடு வரை எரித்துத் தீர்க்கும். வைரத்தின் மேல் ஆக்ஸிஜன் குமிழ் வர 2.3 வோல்ட்டைச் சுற்றி ஏற வேண்டியிருக்கிறது. இரிடியம் ஆக்சைடில் 1.5, 1.6லேயே வந்துவிடும். அதாவது வைரம் தண்ணீரை வீணாக உடைப்பதில் ஆர்வம் காட்டுவதில்லை, அந்தச் சக்தியை அழுக்கின் மேல் செலுத்துகிறது. தங்கமும் வைரமும் ஒரே கடையில் விற்கும் தேராவில் வாழ்ந்துகொண்டு, இவை இரண்டின் மேற்பரப்புகளும் இப்படி எதிரெதிர்த் திறமைகள் கொண்டவை என்று தெரிந்துவைத்திருப்பது எனக்குத் தனிச் சந்தோஷம். வைர மின்வாய்க்கும் குறை உண்டு: விலை அதிகம், உப்புத் தண்ணீரில் பெர்குளோரேட்டை உண்டாக்கிவிடும். எல்லா இடத்துக்கும் ஏற்ற ஒரே மேற்பரப்பு என்று ஒன்று இல்லை. கொஞ்சம் மாற்றிவிட்டு நிறுத்த வேண்டுமா, முழுக்க எரிக்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மின்வாயைத் தேட வேண்டும்.

முழுக்க எரிப்பது எளிதில்லை என்பதற்கு எத்தனால் போதும். அதன் 12 எலெக்ட்ரான்களையும் வாங்கிவிட்டால் அது கார்பன் டை ஆக்சைடு. பிளாட்டினம் பெரும்பாலும் அசிட்டால்டிஹைடு, அசிட்டிக் அமிலத்தோடு நின்றுவிடும், ஏனென்றால் இரண்டு கார்பன்களுக்கு நடுவே இருக்கும் பிணைப்பை அதனால் எளிதாக வெட்ட முடிவதில்லை. தங்க முகங்களைச் சோதித்த அதே அட்ஸிக், புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்தபோது, வெள்ளீய ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தையும் ரோடியத்தையும் சேர்த்து அந்தப் பிணைப்பை வெட்டவைத்தார். 2009இல் வந்த சேதி அது. அடுத்தடுத்து இருக்கும் மூன்று பொருள்கள், ஆளுக்கொரு வேலை.

இதெல்லாம் எங்கோ ஆய்வகத்தில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். தேராவில் பகிர்வறைகளில் தங்கியிருக்கும் நம் ஆட்களில் சர்க்கரை நோயுள்ளவர்கள் எத்தனையோ பேர். காலையில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் குச்சியில் வைக்கிறார்களே, அந்தக் குச்சிக்குள் நடப்பதும் குளுக்கோஸின் மின்வேதி ஆக்ஸிஜனேற்றம்தான். அங்கே குளுக்கோஸைப் பிடிப்பது என்சைம். எலெக்ட்ரானை வாங்கிக்கொள்வது கரியோ தங்கமோ பல்லேடியமோ பூசிய ஒரு மெல்லிய கோடு. 1962இல் கிளார்க்கும் லயன்ஸும் என்சைம் மின்வாய் என்ற யோசனையை முன்வைத்தார்கள். உங்கள் பக்கத்துப் படுக்கைக்காரர் ஐந்து விநாடியில் பார்க்கும் எண் அதிலிருந்து வந்தது.

ஆசாரி அண்ணன் இப்போது என்னைப் பார்த்தால் "இந்த வாரம் என்னத்தைங்க அம்மிணி மாத்துனீங்க?" என்று கேட்கிறார். அடுத்து அவரிடம் கேட்டிருப்பது தங்கத்தோடு பல்லேடியம் கலந்த கம்பி.

படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டி அதன் ஆய்வகங்கள் மாணவர்களையும் பொதுமக்களையும் உள்ளே வரவேற்பது வழக்கம். ஊரில் இருப்பவர்கள் அந்த நேரம் விசாரித்துக்கொண்டு பிள்ளைகளைக் காரைக்குடிக்கு அழைத்துப் போங்கள். மின்வேதிச் சோதனை நடக்கும் ஏதாவது ஒரு மேசை முன்னால் நிறுத்தி, கோடு மேலே போய்த் திரும்பி வரும்வரை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.